தென்மேற்கு பார்த்த நாய்

முதல் நாள் சாப்பிடாதபோது பயணக் களைப்பு என்றார் ஜீவானந்தம். இரண்டாம் நாள், ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். மூன்றாம் நாள், கோழிக்குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றை ஏறெடுத்தும் பார்க்காமல் நாய் எழுந்து போய் வாசல் கேட்டருகே உட்கார்ந்துகொண்டபோது, சொல்வதற்கு அவரிடம் காரணம் எதுவும் மீதி இல்லை.

"ஏனுங்க, இப்படியே பட்டினி கெடந்தா புள்ளைக்கு என்னங்க பதில் சொல்றது?" என்றாள் கலைமணி.

புள்ளை என்றால் அவர்களுடைய ஒரே மகள் அபிநயா. கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. நான்கு வருடத்துக்கு முன் அவள் ஒரு லேப்ரடார் குட்டியை வாங்கியபோது, "நாய் இருக்கற எடத்துல நான் கால் வைக்கமாட்டேன்" என்று ஜீவானந்தம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். மகளும் லேசுப்பட்டவள் இல்லை. அன்றிலிருந்து சொந்த ஊரான மல்லசமுத்திரத்துக்குக் காலையில் வந்தால் பொழுது சாயும்முன் கிளம்பிவிடுவாள். நாயைத் தனியாக விட்டுவிட்டு எப்படித் தங்குவது என்பாள். அவரும் நாயைப் போன் திரையில் பார்த்ததோடு சரி.

இப்போது கம்பெனி அவளை மூன்று மாதம் ஜெர்மனிக்கு அனுப்பியது. வேறு வழியில்லாமல், ரொம்பத் தயங்கி, அப்பாவிடம் கேட்டாள். "அனுப்பு சாமி, நான் பாத்துக்கறேன்" என்றார் அவர். அந்த ஒரு சொல்லுக்கு அவள் போனிலேயே அழுதுவிட்டாள்.

அவளோடு வேலை செய்யும் அக்மல், சேலத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகிற வழியில் நாயைக் காரில் கொண்டுவந்து இறக்கினார். படுக்கை, தட்டு, ஒரு மூட்டைத் தீனி எல்லாவற்றையும் வைத்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, அவசரமாகக் கிளம்பிப் போனார்.

நாயின் பெயர் மோச்சா. அது ஏதோ ஒரு காப்பியின் பெயராம். ஜீவானந்தத்தின் வாயில் அது மொச்சை ஆகிவிட்டது. எத்தனை முறை கூப்பிட்டும் நாய் திரும்பவில்லை. உச்சரிப்புதான் கோளாறு என்று கலைமணி சொன்னாள். அவர் மொட்டை மாடிக்குப் போய், யார் காதிலும் விழாமல், "மோ... ச்சா" என்று அரைமணி நேரம் பழகிவிட்டு வந்து கூப்பிட்டார். நாய் அதற்கும் திரும்பவில்லை.

நான்காம் நாள் நாயை ஆட்டோவில் ஏற்றித் திருச்செங்கோட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே சாதியா என்ற டாக்டரம்மா நாய்களுக்கென்றே கிளினிக் வைத்திருந்தார்.

காத்திருந்த ஒருமணி நேரத்தில் ஜீவானந்தம் பார்த்தது அவர் அதுவரை அறியாத ஓர் உலகம். கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு அல்சேஷன், பெஞ்சுக்கு அடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தது. மிக்ஸி ஓடினால் அதற்கு வயிறு கலங்கிவிடும் என்றார் அதைக் கொண்டுவந்த ஆசிரியர். ஒரு குட்டைக்கால் டாஷண்ட், புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டால் நடுவில் வந்து படுத்துக்கொண்டு அழுமாம். அந்தத் தம்பதி ஆறு மாதமாக வாட்ஸப்பில்தான் பேசிக்கொள்கிறார்கள். ஒரு சிப்பிப்பாறை, தன் வாலே தன்னைத் துரத்துகிறது என்று நம்பி ஓடிக்கொண்டே இருந்தது. செவலை நிறத்தில் ஒரு நாட்டு நாயும் வந்திருந்தது. தீபாவளிக்குப் போய் ஒளிந்த கட்டிலுக்கு அடியிலிருந்து பொங்கல் கழித்துத்தான் வெளியே வந்ததாம்.

கடிக்கும் நாய், கடிக்காத நாய் என்று இரண்டே ஜாதிதான் உண்டு என்று ஐம்பத்தெட்டு வருடமாக நினைத்திருந்தவர், வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு கால் உயிருக்குள் இத்தனை விதமான பயமா என்று அவருக்கு மலைப்பாக இருந்தது.

டாக்டர் சாதியா நாயின் கண்ணைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். வயது என்ன என்று கேட்டார். நான்கு என்றார் ஜீவானந்தம். பல்லைப் பார்த்தால் ஆறு சொல்லலாமே என்றார் டாக்டர்.

"கவலைல நாய்க்கு வயசு கூடுமுங்களா டாக்டர்?"

டாக்டர் சற்று யோசித்துவிட்டு, மனிதர்களுக்கு நரைக்கிறதே என்றார். பிறகு விளக்கினார். உடம்பில் ஒரு நோவும் இல்லை. இது பிரிவு. லேப்ரடார் தின்பதற்கென்றே பிறந்த ஜாதி. அதுவே சோற்றை மறுக்கிறது என்றால் மனது எவ்வளவு அடி வாங்கியிருக்க வேண்டும். மகளின் குரலைப் போனில் கேட்க விடாதீர்கள், குரல் இருந்து ஆள் இல்லாவிட்டால் ஏக்கம் அதிகமாகும். அவள் உடுத்திய துணி ஏதாவது இருந்தால் பக்கத்தில் போட்டு வையுங்கள், வாசனையில் ஆறுதல் அடையும்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்து அபிநயாவின் பழைய துப்பட்டா ஒன்றை எடுத்து நாயின் முன்னால் விரித்தார். நாய் அதை முகர்ந்து, இரண்டு தும்மல் போட்டுவிட்டு, பழையபடி கேட்டருகே போய் உட்கார்ந்தது. கீழே கிடந்த துப்பட்டாவை எடுத்து மடித்த கலைமணிக்கு மகள் ஞாபகம் வந்து, அவளும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. காலையில் வீட்டில் பட்டினி கிடந்தது ஒரு ஜீவன், மாலையில் இரண்டு.

டாக்டருக்குப் போன் செய்தார். விட்டுப் போன கோபமாக இருக்கும், துணைக்கு இன்னொரு நாய் இருந்தால் தேறிவிடும் என்று பதில் வந்தது.

கலைமணியின் தம்பி சின்னராஜ் ரிக் வண்டி டிரைவர். ஆழ்துளைக் கிணறு போட வடநாடு போனவன், அங்கே மழைக்காலம் என்று ஊருக்கு வந்திருந்தான். அவனிடம் ஒரு ராஜபாளையம் இருந்தது. எமனே வந்தாலும் நகராது என்று சொல்லிக்கொண்டுவந்து கட்டினான். கலைமணி அடுப்பில் குக்கர் வைத்தாள். முதல் விசிலுக்கு ராஜபாளையம் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. பீரோவை நகர்த்த நாலு பேர் வேண்டியிருந்தது.

அதற்குத் தைரியம் வரட்டும் என்று சின்னராஜ், பக்கத்துத் தெருவிலிருந்து டைசன் என்ற பொமரேனியனை இரவல் வாங்கி வந்தான். டைசன் காற்றாடியைப் பார்த்துக் குரைத்தது, காலண்டரைப் பார்த்துக் குரைத்தது, சும்மா இருந்த தன் தட்டைப் பார்த்தும் குரைத்தது.

ஆனால் வெளியே விட்டதும் நடந்ததுதான் ஆச்சரியம். டைசன் நேராக லேப்ரடாரிடம் ஓடியது. அருகே போனதும் அதன் குரைப்பு அடங்கியது. அது எதைப் பார்க்கிறது என்று தானும் ஒருமுறை பார்த்தது. பிறகு கம்மென்று பக்கத்தில் உட்கார்ந்து, அதே பக்கம் முகத்தை வைத்துக்கொண்டது. சற்று நேரத்தில் ராஜபாளையமும் பம்மிப் பம்மி வந்து மறுபக்கம் உட்கார்ந்தது. மூன்றும் வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி, ஒரே திசையில்.

"மாமா, இது ஏதோ பாக்குதுங்க" என்றான் சின்னராஜ், குரலைத் தாழ்த்தி.

ஜீவானந்தம் நில அளவர். அந்த வட்டாரத்தில் வரப்புத் தகராறு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கண் சொல்வதை அவர் நம்பமாட்டார். கருவி சொல்ல வேண்டும். நாய் எதையும் பார்க்கவில்லை, பழக்க தோஷம் என்று சொல்லி, கேட்டருகே ஒரு தகரத்தை நிறுத்தி மறைத்தார். நாய் எழுந்து, தகரத்தைச் சுற்றிப் போய், ஐந்தடி தள்ளி உட்கார்ந்தது. முகம் மட்டும் அதே பக்கம். கொல்லைக்கு இழுத்துப்போய்க் கட்டினார். அங்கே சுவர்தான் இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு அதே பக்கம் உட்கார்ந்தது. சாக்கைப் போட்டுக் கண்ணை மூடி, தூக்கி மூன்று சுற்றுச் சுற்றி இறக்கினார். நாய் தள்ளாடிக்கொண்டே திரும்பி, பழைய பக்கத்துக்கு வந்து நின்றது.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. முக்காலியைக் கொண்டுவந்து நாய்க்குப் பின்னால் நிறுத்தி, அதன்மேல் காம்பஸைப் பொருத்தி, இரண்டு காதுகளுக்கும் நடுவிலிருந்து மூக்கு நுனி வழியாகக் கோணம் எடுத்தார். வடக்கிலிருந்து இருநூற்று நாற்பத்தாறு டிகிரி. மத்தியானம் எடுத்தார். நாற்பத்தாறு. மாலையில் எடுத்தார். நாற்பத்தாறரை. நாய் அப்போது கொட்டாவி விட்டதால் அந்த அரையைத் தள்ளுபடி செய்தார். மூன்று நாள் அளந்தார். மாறவில்லை.

மேஜைமேல் வரைபடத்தை விரித்து, மல்லசமுத்திரத்தில் புள்ளி வைத்து, ஸ்கேலால் கோடு இழுத்தார். கோடு தென்மேற்கே போய், காவிரியைக் கடந்து, ஈரோட்டைத் தொட்டு, அப்படியே கோயமுத்தூருக்குள் நுழைந்தது. அபிநயாவின் அபார்ட்மெண்டுக்கும் கோட்டுக்கும் இரண்டே டிகிரிதான் பிசகு. நூறு கிலோமீட்டருக்கும் மேல் தூரத்தில் இரண்டு டிகிரியைப் பெரிதுபடுத்தக் கூடாது என்று அவர் நாயை மன்னித்தார்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கோட்டையே பார்த்தார். முப்பது வருடம் அவர் அளந்த ஒவ்வொரு கோட்டையும் யாராவது ஒரு மனிதன் சண்டைக்காக இழுக்கச் சொன்னான். இது பிரியத்துக்காக இழுத்த கோடு. வரைபடம் இல்லை, காம்பஸ் இல்லை, செயற்கைக்கோள் இல்லை. ஒரு மூக்கும் ஒரு மனசும்தான்.

"புள்ள இப்பச் செர்மனியிலல்லங்க இருக்கறா?" என்றாள் கலைமணி.

"அவ பிளேன் ஏறுனது அதுக்குத் தெரியாதல்லோ. விட்டுட்டு வந்த எடத்துலயே இருக்கறான்னு நெனச்சுட்டு உக்காந்திருக்குது" என்றார் அவர்.

அன்று மாலை அவர் நாற்காலியை விட்டு இறங்கி, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு நாயின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். அதே திசையைப் பார்த்தார். எதிர்வீட்டு மதில், அதற்கு மேல் ஒரு வேப்பமரம், அதற்கு மேல் வானம். வேறொன்றும் தெரியவில்லை. ஆனால் நான்கு வருடமாக மகள் பொழுது சாயும்முன் கிளம்பிப் போனபோதெல்லாம், இந்த வாசலில் நின்று பஸ் போன பக்கத்தைத் தானும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது ஞாபகம் வந்தது. அவர் கையில் இருந்த சோற்று உருண்டையை நாய் அப்போது வாங்கித் தின்றது. அன்றிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினால் ஒரு வேளைச் சோறு தின்னும் என்று ஆனது.

அபிநயா போன் செய்யும்போதெல்லாம் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, ஜன்னல் வழியாக நாயைக் காட்டுவார். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகும் வாலும். முகத்தைக் காட்டச் சொல்லிக் கெஞ்சினாள். டாக்டரின் கண்டிப்பைச் சொல்லி மறுத்துவிட்டார். பட்டினி விஷயத்தை மட்டும் மறைத்தார். கொஞ்சம் இளைத்த மாதிரி இருக்கிறானே, நல்லதுதான், ரொம்பக் குண்டாக இருந்தான் என்று அவள் சந்தோஷப்பட்டாள். அப்பா நாய்க்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்த போட்டோவை அம்மா அனுப்பியபோது, ஒருமணி நேரம் கழித்து அவளிடமிருந்து பதில் வந்தது. திரும்பி வந்ததும் பத்து நாள் லீவு போட்டு ஊரிலேயே தங்கப் போவதாக.

அவள் வருவதற்குள் நாயைத் தேற்றிவிட வேண்டும் என்று அவர் தவித்துக்கொண்டிருக்கும்போது, சின்னராஜ் தன்னால் ஆன உதவியைச் செய்தான். மூன்று நாய்களும் வரிசையாக உட்கார்ந்திருப்பதையும், பின்னால் முக்காலியோடு மாமா நிற்பதையும், மேஜையில் விரித்த வரைபடத்தையும் வீடியோ எடுத்து, யாராவது வைத்தியம் தெரிந்தவர்கள் சொல்லட்டும் என்று இணையத்தில் ஏற்றிவிட்டான்.

வைத்தியம் யாரும் சொல்லவில்லை. கூட்டம்தான் வந்தது. முதலில் தெருக்காரர்கள், பிறகு வையப்பமலை, இளம்பிள்ளை, எடப்பாடி ஊர்க்காரர்கள். சந்தை நாளில் டவுன் பஸ் அந்த நிறுத்தத்தில் பாதி காலியானது. அந்நியர்களைக் கண்டால் டைசனுக்குப் பழைய வியாதி திரும்பியது. குரைப்பைக் கேட்டு ராஜபாளையம் பீரோவைத் தேடி ஓடியது. தெருநாய்கள் நான்கைந்து வந்து வரிசையில் காலியான இடத்தில் உட்கார்ந்துகொண்டன. ஆளரவத்தில் லேப்ரடார் ஊட்டிய ஒரு வேளைச் சோற்றையும் நிறுத்தியது.

அவரால் யாரையும் விரட்டவும் முடியவில்லை. வந்தவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாக இல்லை. கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். சிரித்துக்கொண்டே வந்தவர்களும் அதன் கண்ணைப் பார்த்ததும் அடங்கிப் போனார்கள். கட்டுமஸ்தான ஒரு லாரிக்காரர் பத்து நிமிடம் நின்று பார்த்தார். பிறகு வேப்பமரத்தடிக்குப் போய், தன் அம்மாவுக்குப் போன் போட்டு, சாப்டியாம்மா என்று மட்டும் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜீவானந்தம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாய் இளைத்துக்கொண்டிருந்ததும் உண்மை, அதைப் பார்க்கும் மனிதர்களுக்கு ஏதோ ஆகிக்கொண்டிருந்ததும் உண்மை. இந்த இரண்டையும் எந்தக் கருவியாலும் அளக்க முடியாமல் அவர் திகைத்தார்.

அபிநயா வருவதற்குப் பத்து நாள் இருந்தது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முப்பது பேர் போலக் கூடியிருந்தார்கள். கையில் ஒரு தூக்குச் சட்டியோடு, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, கூட்டத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

நாய் எழுந்து நின்றது.

இத்தனை நாளில் ஓர் ஆளைக் கண்டு அது எழுந்து நின்றதை யாரும் பார்த்ததில்லை. இருநூற்று நாற்பத்தாறு டிகிரியிலிருந்து முகத்தைத் திருப்பியது. அடுத்த கணம் முக்காலி ஒரு பக்கம், ஜீவானந்தம் ஒரு பக்கம், டைசன் ஒரு பக்கம் என்று உருள, அது கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்தது. அந்தப் பெண் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நாய் அவள் மடியில் ஏற முடிந்த மட்டும் ஏறி, குழந்தைபோல முனகிக்கொண்டே அவள் முகத்தை நக்கியது. தூக்குச் சட்டியில் இருந்த இட்லி கீழே கொட்டியது. நாய் ஒரு கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டே எட்டு இட்லியையும் தின்றது.

ஏதோ அருள் வந்த அம்மா என்று நினைத்து, கூட்டத்தில் இரண்டு பேர் கும்பிட்டார்கள்.

ஜீவானந்தம் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, அவள் யார் என்று கேட்டார். பெயர் அங்கம்மாள் என்றாள். பள்ளிபாளையத்தில், ஈரோட்டுப் பாலம் ஏறும் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கிறாளாம். வீடியோவில் முதுகைப் பார்த்ததும் சந்தேகம் வந்து ஓடிவந்தாளாம். இது தன் வீட்டில் ஆறு வருடம் வளர்ந்த பஞ்சு என்றாள்.

அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இது கோயமுத்தூரிலிருந்து காரில் வந்து இறங்கிய, தன் மகளுடைய நாய் என்று அடித்துச் சொன்னார். நிரூபிப்பதற்காக அங்கேயே அக்மலுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். அக்மல் முதலில் தயங்கினார். பிறகு சொன்னார். ஈரோட்டில் ஒரு வேலை இருந்ததால் அந்த வழியாக வந்ததாகவும், பள்ளிபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது கதவைத் திறந்ததும் மோச்சா குதித்து ஓடிவிட்டதாகவும், ஆனால் இரண்டே நிமிடத்தில் கடை வாசலிலேயே படுத்திருந்ததைப் பிஸ்கட் காட்டிப் பிடித்துவிட்டதாகவும் சொன்னார். அங்கிள் கவலைப்படுவீர்கள் என்றுதான் அதைச் சொல்லவில்லையாம்.

ஜீவானந்தம் போனை அணைத்துவிட்டு, மேஜைமேல் இருந்த வரைபடத்தை எடுத்துவந்து விரித்தார். அவர் இழுத்த கோடு காவிரியைத் தொடும் இடத்தில், இக்கரையில், பள்ளிபாளையம் இருந்தது. நாய் சொன்னதில் ஒரு டிகிரிகூடப் பிசகு இருந்திருக்கவில்லை என்பது அவருக்கு மெல்ல உறைத்தது.

கலைமணிதான் முதலில் சுதாரித்தாள். அப்படியானால் மோச்சா எங்கே, எந்த ரோட்டில் அடிபட்டுக் கிடக்கிறதோ, பத்து நாளில் வந்து நிற்கப்போகும் பிள்ளையிடம் என்ன சொல்வது என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அங்கம்மாள் பஞ்சுவின் தலையைத் தடவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"அழுவாதீங்க சாமி, பஞ்சு காணாமப் போன அன்னைக்கிருந்து எங்க கடை வாசல்ல இதே மாதிரி ஒண்ணு சோறு தண்ணி எறங்காமக் கோயமுத்தூர்ப் பக்கமே பாத்துட்டு உக்காந்திருக்குதுங்க, அதப் பாக்க வர்ற கூட்டம் இதவிடப் பெருசுங்க."